கிரியாட்டினின் 0.8, ரிப்போர்ட்டில் 'இயல்பு': குழந்தையின் சிறுநீரகச் செயல்பாட்டைக் கணிப்பது எப்படி?

தாமரைக்கண்ணி

வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது. உயரம் 105 செ.மீ., எடை 17 கிலோ. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவதால் குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். கிரியாட்டினின் 0.8 மி.கி./டெ.லி. என்று வந்தது. பக்கத்திலேயே 'இயல்பு அளவு 0.6 – 1.2' என்று அச்சிட்டிருந்தார்கள். தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. நிம்மதியாகத்தான் கொண்டு போனேன். மருத்துவரோ, பார்த்த மாத்திரத்தில் குழந்தைகளுக்கான சிறுநீரக நிபுணரிடம் போகச் சொல்லிவிட்டார்.

நிபுணரைப் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இணையத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை (ஜி.எஃப்.ஆர்.) கணக்கிடும் ஒரு கணிப்பானில் வயது 5, பெண், 0.8 என்று கொடுத்தேன். 119 வந்தது. இன்னொன்று உயரத்தையும் கேட்டது, 54 என்றது. மூன்றாவது 45 என்கிறது. ஒரே குழந்தை, ஒரே ரத்தம். எதை நம்புவது?

குழந்தைநலன்

நான் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர். உங்கள் குழந்தையை நேரில் பார்க்காமல் நோய் இன்னதென்று சொல்ல மாட்டேன். எண்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

119-ஐ முதலில் தூக்கி எறியுங்கள். அது பெரியவர்களுக்கான சி.கே.டி.-எபி சூத்திரம் தந்த எண். 18 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து உருவாக்கப்பட்டது. அதில் உயரத்துக்கு இடமே இல்லை. வயது ஏற ஏற எண் குறையும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஐந்து என்று கொடுத்தால் மிக மிக இளைய 'பெரியவர்' என்று எடுத்துக்கொண்டு எண்ணை ஏற்றிக் காட்டுகிறது. நல்ல கணிப்பான் 18-க்குக் கீழ் வயதை ஏற்கவே கூடாது. சில ஏற்கின்றன.

ரிப்போர்ட்டில் இருந்த 0.6 – 1.2 என்பதும் வளர்ந்தவரின் அளவு. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் சரியாக வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் கூடும். 17 கிலோ குழந்தையின் உடலில் எவ்வளவு தசை இருந்துவிடப் போகிறது? ஐந்து வயதுக் குழந்தைகளின் கிரியாட்டினினில் நடு அளவு 0.36-ஐ ஒட்டி இருக்கும். 0.8 என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் குழந்தை மருத்துவர் அச்சிட்ட எல்லையைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்திருக்கிறார்.

54, 45 இரண்டும் குழந்தைகளுக்கான சூத்திரங்கள் தந்தவை. அவை ஏன் வேறுபடுகின்றன என்பது தனிக் கதை. ஆனால் இரண்டும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன. இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு 90-க்குக் கீழ் வந்தாலே 'குறைவு' என்று குறிப்பிடலாம் என்கிறது கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேசச் சிறுநீரக நோய் அமைப்பின் 2024 வழிகாட்டி. அதனால் நிபுணரிடம் அனுப்பியது சரி. பதற்றப்பட வேண்டாம், ஆனால் நாள் தள்ளவும் வேண்டாம்.

ஆய்வகத்தான்

டாக்டர் சொன்ன அச்சு எல்லை விஷயத்தில் எங்கள் துறையின் பங்கும் இருக்கிறது. மென்பொருளில் வயதுவாரியாக எல்லைகளை ஏற்றி வைக்க முடியும். பல இடங்களில் யாரும் மெனக்கெடுவதில்லை. ரிப்போர்ட் கையில் வந்ததும் வயது வாரியான எல்லையா என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: 'ஜாஃபே முறையா, நொதி முறையா?' ஜாஃபே முறை 1886-இலிருந்து இருக்கிறது. பிக்ரிக் அமிலத்தோடு கிரியாட்டினின் சேர்ந்து தரும் ஆரஞ்சு நிறத்தை அளப்பது. சிக்கல் என்னவென்றால், ரத்தத்திலுள்ள புரதம், குளுக்கோஸ், கீட்டோன் போன்றவையும் கொஞ்சம் நிறம் தரும். மஞ்சள் காமாலையில் பிலிருபின் கூடினால் நேர்மாறாக எண் குறையும். கிரியாட்டினின் 4 என்று இருக்கும் பெரியவருக்கு இந்தப் பிழை பொருட்டே இல்லை. 0.3 இருக்கும் குழந்தைக்கு அதுவே கணக்கைக் கவிழ்த்துவிடும். கிரியாட்டினினை மட்டும் குறிவைக்கும் நொதிகளால் அளப்பது நொதி முறை. குழந்தைகளுக்கு அதுதான் நம்பகமானது.

அதோடு, இரண்டு தசம இலக்கம் கேட்டு வாங்குங்கள். 90 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு '0.3' என்று ரிப்போர்ட் வருகிறது என்று வையுங்கள். உண்மையில் அது 0.25 ஆகவும் இருக்கலாம், 0.34 ஆகவும் இருக்கலாம். 54 தந்த அதே சூத்திரத்தில் முதலாவதற்குக் கணக்குப் போட்டால் 149, இரண்டாவதற்கு 109. ஒரு தசமத்தைச் சுருக்கியதில் நாற்பது காணாமல் போகிறது.

கணக்குப்பிள்ளை

எனக்கு மருத்துவம் தெரியாது, புள்ளியியல் கொஞ்சம் தெரியும். அந்த 54 எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தேன்: 0.413 × 105 ÷ 0.8. சரியாக வருகிறது. ஆனால் வீட்டிலிருந்த ஒரு பழைய மருத்துவப் புத்தகத்தில் இதே சூத்திரம் 0.55 என்ற மாறிலியோடு இருக்கிறது. அதைப் போட்டால் 72! தாமரைக்கண்ணி அக்காவின் பட்டியலில் நான்காவது எண். ஒரு மாறிலியை இப்படி மாற்றிக்கொண்டே போனால் அதை எப்படி மாறிலி என்பது? அதோடு உயரத்துக்கு இங்கே என்ன வேலை?

குழந்தைநலன்

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ரத்தத் திரவத்தை வடிகட்டுகிறது என்பதுதான் ஜி.எஃப்.ஆர். அதை நேரடியாகப் பார்க்க முடியாது. கிரியாட்டினின் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உற்பத்தியாகி, பெரும்பாலும் வடிகட்டலின் வழியே வெளியேறுகிறது. அதனால் ரத்தத்தில் அதன் அளவு, உற்பத்திக்கு நேர் விகிதத்திலும் வடிகட்டலுக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். வடிகட்டலைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் உற்பத்தி தெரிய வேண்டும். உற்பத்தி என்றால் தசை. குழந்தையின் தசையை எடைபோட முடியாது. உடற்பரப்புக்கு ஏற்ற தசை அளவு உயரத்தோடு ஒழுங்காகக் கூடுகிறது என்று கண்டார்கள். ஆகவே உயரம் இங்கே தசைக்குப் பதிலாக நிற்கிறது, அவ்வளவுதான்.

1976-இல் ஜார்ஜ் ஷ்வார்ட்ஸ் குழுவினர் 0.55 என்றார்கள். அதே ஆண்டில் கூனஹனும் பாரட்டும் தனியாக 0.43 என்றார்கள். இவ்வளவு வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் குழந்தைகள் அல்ல, கிரியாட்டினினை அளந்த முறைதான். ஷ்வார்ட்ஸ் பயன்படுத்தியது ஜாஃபே முறை, அது எண்ணைக் கூட்டிக் காட்டும். கீழே இருக்கும் எண் பெரிதானால் மேலே பெருக்கும் மாறிலியும் பெரிதாகத்தானே வேண்டும்? பின்னர் அமெரிக்காவில் சிறுநீரக நோயுள்ள குழந்தைகளிடம் நடந்த சி.கே.ஐ.டி. ஆய்வில், சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோஹெக்சால் மருந்தை ஊசியாகப் போட்டு, அது ரத்தத்திலிருந்து குறையும் வேகத்தை வைத்து ஜி.எஃப்.ஆரை அளந்து, கிரியாட்டினினை நொதி முறையில் பார்த்தார்கள். 2009-இல் அதே ஷ்வார்ட்ஸ் வெளியிட்ட மாறிலி 0.413. கூனஹன்–பாரட் எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டது.

ஆகவே 0.55-ஐ இன்றைய நொதி முறை அளவோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் காட்டும். உங்கள் 72 அப்படி வந்ததுதான்.

கணக்குப்பிள்ளை

புரிந்தது, டாக்டர். அப்படியானால் 54-க்கும் 45-க்கும்?

குழந்தைநலன்

2009 சூத்திரம் ஒன்று முதல் பதினாறு வயது வரை எல்லாக் குழந்தைக்கும், ஆணோ பெண்ணோ, ஒரே 0.413 என்றது. படுக்கை அருகே நின்றே மனக்கணக்காகப் போடலாம், அதுதான் அதன் அழகு. ஆனால் ஐந்து வயதுச் சிறுமிக்கும் பதினாறு வயதுப் பையனுக்கும் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே அளவு தசையா இருக்கும்? 2021-இல் அதே ஆய்வுக் குழு யு25 என்ற சூத்திரத்தைக் கொண்டுவந்தது. ஒன்று முதல் 25 வயது வரை. மாறிலி வயதோடும் பாலோடும் நகர்கிறது. உயரத்தை மீட்டரில் போட வேண்டும். ஐந்து வயதுப் பெண்ணுக்கு மாறிலி சுமார் 34. 34.1 × 1.05 ÷ 0.8 = 45 என்று வரும். பழையது சிறு குழந்தைகளுக்குக் கூட்டியும் வளரிளம் பருவத்தினருக்குக் குறைத்தும் சொல்லிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டில் ஐரோப்பியக் குழு ஒன்று ஈ.கே.எஃப்.சி. என்ற இன்னொன்றை வெளியிட்டது. இரண்டு வயது முதல் நூறு வயது வரை ஒரே சூத்திரம், உயரம் வேண்டாம். வயதுக்கும் பாலுக்கும் உரிய நடு அளவு கிரியாட்டினினோடு ஒப்பிடுகிறது. நம் குழந்தைக்கு அதில் ஏறத்தாழ 44. வேறு வழியில் போய் யு25-க்குப் பக்கத்தில் வந்து சேர்கிறது என்பதைக் கவனியுங்கள்.

என் தனிப்பட்ட கருத்து: எந்தச் சூத்திரம் என்று வாதிடுவதை விட, ஒரு குழந்தைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் அதையே பிடித்துக்கொள்வது முக்கியம். ஒரு முறை ஒரு கணிப்பான், மறுமுறை இன்னொன்று என்று போட்டுவிட்டு 'ஒன்பது குறைந்துவிட்டது' என்று அழுதுகொண்டு வரும் பெற்றோரை நான் பார்க்கிறேன். குறைந்தது சிறுநீரகம் அல்ல, மாறியது சூத்திரம்.

மட்டுறுத்துநர்

ரிப்போர்ட் படங்களை ஏற்றுவோர் பெயர், பதிவு எண், ஆய்வகப் பெயர் ஆகியவற்றை மறைத்துவிட்டு ஏற்றவும்.

நீலவானம்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. என் மகனுக்கு எட்டு வயது. முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவன், சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். சிறுநீர்ப்பை சரியாக இயங்காததால் சிறுநீரகத்தைத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். கிரியாட்டினின் எப்போது பார்த்தாலும் 0.3. முன்பு போன மருத்துவமனையில் சுமார் 120 செ.மீ. என்று உயரத்தை எழுதிக்கொண்டு, 165 என்று கணக்குப் போட்டு, 'அருமையாக இருக்கிறது' என்றார்கள்.

புதிதாக வந்த மருத்துவர் அந்த 165-ஐப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டார். இவ்வளவு அதிகமாக இருக்க வாய்ப்பில்லை, இவன் காலில் தசையே இல்லையே என்றார். ரத்தத்தில் சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தைப் பார்க்கும் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். 1.3 வந்தது. அதை வைத்துப் போட்டால் 62. எங்களுக்குத் தலை சுற்றியது. 165 எங்கே, 62 எங்கே!

குழந்தைநலன்

நீலவானம் ஐயா, உங்கள் அனுபவத்தைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்ல நினைப்பேன். தசைச் சிதைவு நோய், நீண்ட நாள் படுக்கை, உணவைத் தவிர்க்கும் நோய், கால் அகற்றப்பட்ட குழந்தை, இவர்கள் எல்லோரிடமும் கிரியாட்டினின் குறைவாக இருப்பது சிறுநீரகத்தின் திறமையால் அல்ல. உற்பத்தியே இல்லை. சூத்திரமோ, உயரத்துக்கேற்ற தசை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வகுக்கிறது.

உயரமும் அங்கே இன்னொரு தொல்லை. முதுகு வளைந்த குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால் ஒரு எண், கைவிரிப்பை அளந்தால் ஒரு எண். கிரியாட்டினின் சார்ந்த சூத்திரத்தில் இரண்டு உள்ளீடுகளும் ஆட்டம் காண்கின்றன. சிஸ்டாட்டின் சி-க்கு உயரம் தேவையில்லை, தசையும் பெரிதாகத் தேவையில்லை.

ஒரு சின்னக் குறிப்பு: நீரிழிவின் தொடக்கக் கட்டத்திலும், அரிவாள் உயிரணு நோயிலும் சிறுநீரகம் உண்மையிலேயே மிகையாக வடிகட்டும். அங்கே 150, 160 வருவது நிஜமாகவும் இருக்கலாம், அதுவும் நல்ல செய்தி அல்ல.

தாமரைக்கண்ணி

அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் சிஸ்டாட்டினையே பார்த்துவிடலாமே? ஏன் கிரியாட்டினினைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

ஆய்வகத்தான்

விலை ஒரு காரணம், எல்லா ஆய்வகங்களிலும் செய்யாதது இன்னொன்று. அதைத் தவிர்த்தாலும் சிஸ்டாட்டின் மாசற்றதல்ல. கரு உள்ள எல்லா உயிரணுக்களும் அதைச் சுரக்கின்றன, அதனால் தசையைப் பொறுத்து ஏறி இறங்குவது குறைவு. ஆனால் ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் குழந்தைக்குக் கூடும். தைராய்டு மிகையாக இருந்தால் கூடும், குறைவாக இருந்தால் குறையும். உடல் பருமனும் அழற்சியும் கூட்டும். சிறுநீரில் புரதம் கசியும் நெஃப்ராட்டிக் நோய்க்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை விழுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சிஸ்டாட்டினை மட்டும் பார்த்தால் சிறுநீரகம் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

அளவீட்டுக்கு உலகப் பொதுத் தரம் 2010-இல்தான் வந்தது. உங்கள் ஆய்வகக் கருவி அந்தத் தரத்தோடு பொருத்தப்பட்டதா என்று கேளுங்கள்.

குழந்தைநலன்

இரண்டையும் போட்டுச் சராசரி எடுப்பதே இன்றைக்குச் சிறந்த வழி. கிரியாட்டினின் தசையால் ஏமாற்றும், சிஸ்டாட்டின் ஸ்டீராய்டாலும் அழற்சியாலும் ஏமாற்றும். இரண்டும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் பொய் சொல்வது அரிது. இரண்டு எண்களும் பெரிதாக விலகி நின்றால், சராசரி எடுப்பதற்கு முன் 'இதில் யார், ஏன் விலகுகிறார்?' என்று யோசிக்க வேண்டும். நீலவானத்தின் மகனுக்கு 165-ஐயும் 62-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது குப்பை.

சமவெளி

இவ்வளவு சூத்திரம் எதற்கு? இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரைப் பிடித்து அளந்தால் நேரடி விடை கிடைத்துவிடுமே. பழைய மருத்துவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

மருந்துப்பெட்டி

சமவெளி அண்ணா, மூன்று வயதுப் பிள்ளையின் ஒரு நாள் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்துப் பாருங்கள். டயபரில் பாதி, தரையில் கால், பாட்டிலில் கால். பிடித்தது குறைந்தால் விடையும் குறையும்.

குழந்தைநலன்

முழுதாகப் பிடித்தாலும் ஒரு கோளாறு உண்டு. கிரியாட்டினின் வடிகட்டப்படுவதோடு, சிறுநீரக நுண்குழல் சுவரிலிருந்தும் கொஞ்சம் சுரக்கப்படுகிறது. அதனால் அந்தக் கணக்கு ஜி.எஃப்.ஆரைக் கூட்டியே காட்டும். சிறுநீரகம் கெடக் கெட அந்தச் சுரப்பின் பங்கு கூடுவதால் பிழையும் கூடும். டிரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாட்டிக் இந்தச் சுரப்பைத் தடுக்கும். தாமரைக்கண்ணி அம்மா, இது உங்களுக்கும் பொருந்தலாம். சிறுநீர்த் தொற்றுக்கு அந்த மருந்து தருவது வழக்கம். அதை எடுக்கும்போது பார்த்த கிரியாட்டினின், வடிகட்டல் குறையாமலேயே சற்று ஏறியிருக்கும். உங்கள் மகள் அப்போது எந்த மருந்தில் இருந்தாள்?

தாமரைக்கண்ணி

அதே மருந்துதான், டாக்டர்! கடைசி ஒரு வேளை மருந்து மிச்சம் இருந்த நாளில்தான் ரத்தம் எடுத்தார்கள். அப்படியானால் எல்லாம் அந்த மருந்தின் வேலைதானா?

குழந்தைநலன்

எல்லாம் அல்ல. மருந்து கொஞ்சம் ஏற்றும். இரண்டு மடங்காக்காது. மருந்து முடிந்து சில நாள் கழித்து, குழந்தை நன்றாகத் தண்ணீர் குடித்துத் தெளிவாக இருக்கும்போது, நொதி முறையில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய இரவு சமைத்த இறைச்சி அதிகம் வேண்டாம், அதுவும் கிரியாட்டினினைத் தற்காலிகமாக ஏற்றும். உயரத்தைச் சுவரில் ஒட்டிய அளவுகோலில் செருப்பில்லாமல் அளக்கச் சொல்லுங்கள். தாயின் நினைவிலிருந்து சொல்லும் உயரம் பெரும்பாலும் போன பிறந்தநாள் உயரமாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை

டாக்டர், இந்தச் சூத்திரங்கள் எவ்வளவு துல்லியம்?

குழந்தைநலன்

நேரடியாக அளந்த ஜி.எஃப்.ஆரிலிருந்து 30 சதவீதத்துக்குள் எத்தனை குழந்தைகளின் கணிப்பு வருகிறது என்று பார்ப்பார்கள். நல்ல சூத்திரத்துக்கும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர்தான். அதாவது 60 என்று வந்தால், 45 ஆகவும் இருக்கலாம், 80-ஐ நெருங்கியும் இருக்கலாம். 54.2 என்று தசமத்தோடு அச்சிடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

முதல்மழை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் குழந்தை 33 வாரத்தில் பிறந்து இன்று மூன்றாம் நாள். கிரியாட்டினின் 0.9. மேலே படித்ததை வைத்துக் கணக்குப் போட்டால் 20-க்குக் கீழே வருகிறது. பயமாக இருக்கிறது.

குழந்தைநலன்

அம்மா, உடனே கணிப்பானை மூடுங்கள். முதல் நாட்களில் குழந்தையின் ரத்தத்தில் இருப்பது பெருமளவு உங்கள் கிரியாட்டினின். நஞ்சுக்கொடி வழியாக வந்தது. அது வெளியேற நாள் பிடிக்கும், குறைமாதக் குழந்தைக்கு இன்னும் கூடுதலாக. யு25 ஒரு வயதுக்கு மேல்தான். பச்சிளம் குழந்தைக்கு உரிய பழைய மாறிலிகளும் ஜாஃபே காலத்தவை.

அதோடு, நிறைமாதக் குழந்தைக்கே பிறந்தவுடன் ஜி.எஃப்.ஆர். 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். இரண்டு வாரத்தில் இரு மடங்காகும். பெரியவர்களின் அளவை எட்ட இரண்டு வயதாகும். சிறுநீரக வடிப்பான்கள் உருவாவது 34 – 36 வாரம் வரை நடக்கிற வேலை. உங்கள் குழந்தைக்கு அது முடியும் முன்பே பிறப்பு நேர்ந்துவிட்டது. அங்கே மருத்துவர்கள் பார்ப்பது ஒரு நாள் எண்ணை அல்ல, நாளுக்கு நாள் இறங்குகிறதா, சிறுநீர் போதுமான அளவு போகிறதா என்பதை. எண் ஏறினால் அவர்கள் உங்களிடம் சொல்வார்கள். நீங்களும் கேளுங்கள்.

முதல்மழை

நன்றி டாக்டர். இன்று காலை 0.8 என்றார்கள்.

மருந்துப்பெட்டி

நான் மருத்துவமனை மருந்தாளுநர். இந்த எண்ணை மருந்து அளவுக்குப் பயன்படுத்தும்போது நடக்கும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 54 என்பது '1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்கு' என்று திருத்தப்பட்டது. அந்த 1.73 என்பது 1928-இல் அமெரிக்காவில் இளம் பெரியவர்களின் சராசரியாக எடுத்துக்கொண்ட பரப்பு. தாமரைக்கண்ணி அக்காவின் மகளுக்கு உடற்பரப்பு 0.70 தான். அவள் சிறுநீரகம் உண்மையில் நிமிடத்துக்கு வடிகட்டுவது 54 × 0.70 ÷ 1.73, அதாவது சுமார் 22 மி.லி.

கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுக்கும் மருந்தில் குழந்தையின் சிறிய உடல் ஏற்கெனவே கணக்கில் வந்துவிடுகிறது. அங்கே 54-ஐ வைத்து 'மிதமான குறைவு' என்று அளவைச் சீர்செய்வோம். 22-ஐ எடுத்துக்கொண்டு கடுமையான செயலிழப்பு என்று குறைத்தால் தொற்று அடங்காது. நேர்மாறாக, புற்றுநோய்க்கான கார்போபிளாட்டினைச் சிறுவருக்கான சூத்திரத்தில் போடும்போது திருத்தப்படாத ஜி.எஃப்.ஆர். வேண்டும். அங்கே திருத்திய எண்ணைப் போட்டால் மருந்து பல மடங்காகிவிடும். நல்ல மையங்களில் அதற்குக் கணிப்பை நம்பாமல் நேரடியாக அளப்பார்கள்.

சமவெளி

போன மாதம் என் தங்கை மகனுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் சேர்த்த அன்று ஜி.எஃப்.ஆர். 80 என்று ரிப்போர்ட் வந்தது. மறுநாள் 40, அடுத்த நாள் 25. முதல் நாள் ரிப்போர்ட் தவறா?

குழந்தைநலன்

ரிப்போர்ட் தவறல்ல, அந்தச் சூழலில் சூத்திரத்தைப் போட்டதே தவறு. ஒரு தொட்டியில் குழாய் திறந்தபடி இருக்கிறது, அடியில் வடிகால். வடிகாலை முழுதாக அடைத்தாலும் நீர்மட்டம் உடனே உயராது. முதல் மணி நேரத்தில் மட்டத்தை மட்டும் பார்ப்பவர் வடிகால் நன்றாக வேலை செய்கிறது என்பார். கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும்போது எந்தச் சூத்திரமும் உண்மையைக் கூட்டித்தான் காட்டும். குணமாகி இறங்கும்போது குறைத்துக் காட்டும். எல்லாச் சூத்திரங்களும் ஏற்ற இறக்கமற்ற நிலைக்கு எழுதப்பட்டவை.

திடீர்ப் பாதிப்பில் நாங்கள் பார்ப்பது மாற்றத்தை. இரண்டு நாளுக்குள் 0.3 ஏறினாலோ, ஏழு நாளுக்குள் வழக்கமான அளவைப்போல் ஒன்றரை மடங்கு ஆனாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்குக் கீழே போனாலோ அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. பையனின் பழைய கிரியாட்டினின் 0.35 என்றால், 0.6 என்று 'இயல்பு எல்லைக்குள்' வந்தாலும் அபாயமணி அடித்தாகிவிட்டது.

தாமரைக்கண்ணி

மறுபரிசோதனை முடிந்தது. மருந்து நிறுத்தி, நொதி முறையில்: கிரியாட்டினின் 0.74. உயரம் சுவர் அளவில் 105 தான். சிஸ்டாட்டின் சி 1.25. ஸ்கேனில் இடப்பக்கச் சிறுநீரகம் சிறிதாக இருக்கிறது என்றார்கள். நிபுணர் யு25-இல் கிரியாட்டினினுக்கு 48, சிஸ்டாட்டினுக்கு 62, சராசரி 55 என்று எழுதினார். சிறுநீரில் புரதம் கொஞ்சம் போகிறது. ரத்த அழுத்தம் பரவாயில்லை. இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார், டி.எம்.எஸ்.ஏ. என்று பெயர். அதில் சரியான ஜி.எஃப்.ஆர். தெரிந்துவிடுமா?

குழந்தைநலன்

தெரியாது. டி.எம்.எஸ்.ஏ. சொல்வது மொத்த வேலையில் இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்ற பங்கையும், தொற்றால் வடு விழுந்திருக்கிறதா என்பதையும். 30 : 70 என்று வந்தால் அந்த நூறு என்பது 55-ஆ, 110-ஆ என்று அது சொல்லாது.

மூன்று மாதத்துக்கு மேல் இதே நிலை நீடித்தால்தான் நாள்பட்ட நோய் என்று பெயர் சூட்டுவார்கள். உங்கள் நிபுணர் சரியான வழியில் போகிறார். அடுத்த சில ஆண்டுகளில் 55-ஐ விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்தப் புரதமும் ரத்த அழுத்தமும். அவைதான் எண் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை முடிவு செய்கின்றன, அவற்றுக்கு மருந்தும் உண்டு. அழுத்தத்தை அவள் கைக்கு ஏற்ற சின்னப் பட்டையில் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள்.

இளவேனில்

எனக்குப் பிறவியிலிருந்தே ஒரு சிறுநீரகம்தான். போன மாதம் 18 முடிந்தது. உயரம் 172, கிரியாட்டினின் நெடுநாளாக 1.1. குழந்தைகள் பிரிவில் கடைசியாக எழுதியது 65. பெரியவர்கள் பிரிவில் முதல் ரிப்போர்ட்டில் 100! 'இனி ஆண்டுக்கு ஒரு முறை வந்தால் போதும்' என்கிறார்கள். பிறந்தநாள் பரிசாகச் சிறுநீரகம் வளர்ந்துவிட்டதா?

கணக்குப்பிள்ளை

தம்பி, நான் போட்டுப் பார்த்தேன். 0.413 × 172 ÷ 1.1 = 65. பெரியவர் சூத்திரமான 2021 சி.கே.டி.-எபியில் 18 வயதுக்கு 100. இரண்டும் கணக்குப்படி சரி.

குழந்தைநலன்

கணக்குப்படி சரி, உடம்புப்படி இரண்டும் தள்ளி நிற்கின்றன. பழைய ஷ்வார்ட்ஸ் வளரிளம் ஆண்களுக்குக் குறைத்துச் சொல்லும், சி.கே.டி.-எபி இளம் பெரியவர்களுக்குக் கூட்டிச் சொல்லும். யு25-இல் உங்களுக்கு மாறிலி 50.8. 50.8 × 1.72 ÷ 1.1 = 79. இந்தப் பிறந்தநாள் தாவலைத் தவிர்க்கத்தான் அதை 25 வயது வரை நீட்டினார்கள். புதிய மருத்துவரிடம் பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுபோய், கிரியாட்டினின் எண்களையே வரிசையாக எழுதிக் காட்டுங்கள். ஜி.எஃப்.ஆர். வரிசை வேண்டாம். ஒற்றைச் சிறுநீரகம் என்பதால் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உடற்பயிற்சிக்கூடம் போகிறீர்களா? கிரியாட்டின் தூள் எடுக்கிறீர்களா?

இளவேனில்

போகிறேன். தூள் எடுப்பதில்லை. சிஸ்டாட்டின் கேட்டுப் பார்க்கிறேன். நேரடியாக அளக்கும் அந்த அயோஹெக்சால் முறை எப்படி? மயக்கம் கொடுப்பார்களா? சி.டி. ஸ்கேனுக்குப் போடும் மருந்து சிறுநீரகத்துக்கு ஆகாது என்கிறார்களே?

ஆய்வகத்தான்

மயக்கம் வேண்டாம். ஒரு கையில் ஊசி வழியாக மருந்தைச் செலுத்துவார்கள், பிறகு மற்றக் கையிலிருந்து குறித்த நேரங்களில் ரத்தம் எடுப்பார்கள். சி.கே.ஐ.டி. ஆய்வில் 10, 30, 120, 300 ஆம் நிமிடங்களில் எடுத்தார்கள். இப்போது பல மையங்களில் பிந்தைய இரண்டு, மூன்று மாதிரிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சி.டி.க்குப் போடும் அதே வகை மருந்துதான், ஆனால் அளவு 5 மி.லி. போல. சி.டி.க்குப் போவது அதைப்போல் பல மடங்கு. அயோடின் கலந்த மருந்துக்கு முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தம் எடுத்த நேரத்தை நிமிடம் பிசகாமல் குறிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத் தாமதம் பிரச்சினை இல்லை, தாமதத்தை எழுதாமல் விடுவதுதான் பிரச்சினை. ஒரு பகல் முழுதும் அங்கே இருக்க வேண்டியிருக்கும், புத்தகம் எடுத்துப் போங்கள்.